டின் பீர் கிட்: வாழைப்பழ வாசனை, ஆஸ்பத்திரி ருசி. தப்பு டின்னிலயா, என்கிட்டயா?

வைட்ஃபீல்டு_வேலு | 11 மே, இரவு 10:42

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இதுதான் முதல் பதிவு.

மச்சான் பெர்த்துல இருந்து வந்தப்போ ரெண்டு டின் கொண்டுவந்தார். 1.7 கிலோ, கசப்புக்குப் போடுற ஹாப்ஸ் பூ ஏற்கெனவே சேர்த்த மால்ட் (முளைகட்டின பார்லி) பாகு. மூடிக்கு அடியில 7 கிராம் ஈஸ்ட் பாக்கெட். டின்ல எழுதியிருந்த மாதிரியே செஞ்சேன். வெந்நீர்ல பாகைக் கரைச்சு, ஒரு கிலோ சர்க்கரை போட்டு, 23 லிட்டர் வர்ற வரைக்கும் தண்ணி ஊத்தி, ஈஸ்ட்டைத் தூவி மூடிட்டேன். ஏப்ரல் முதல் வாரம். வாஷிங் மெஷினுக்குப் பக்கத்துலதான் வீட்ல இடம் கிடைச்சுது.

மறுநாள் காலையில ஏர்லாக் (மூடியில கேஸ் மட்டும் வெளிய போற வழி) குக்கர் மாதிரி சத்தம் போட்டுச்சு. எனக்கு ஒரே சந்தோஷம். மூணாம் நாள் எல்லாம் அடங்கிருச்சு. ஏழாம் நாள் பாட்டில்ல அடைச்சேன். நேத்துதான் திறந்தோம்.

நுரை வந்துச்சு, நிறமும் குறை சொல்ல முடியாது. வாயில வச்சா முதல்ல கறுத்துப்போன வாழைப்பழம், அடுத்து பச்சை ஆப்பிள், கடைசியா ஆஸ்பத்திரி வராண்டா. ஒரு கிளாஸுக்கே தலை கனத்துப் போச்சு. மச்சான் மரியாதைக்காக முழுசாக் குடிச்சார். என் வீட்டம்மா ஒரு வாய் குடிச்சுட்டு, "செடிக்கு ஊத்தினா செடி தாங்குமா?"ன்னு கேட்டா.

இன்னொரு டின் பாக்கி இருக்கு. டின்னே மட்டமா, இல்ல நான்தான் எங்கயோ சொதப்பினேனா?


சிவிராமன்நகர்_சிவா | 11 மே, இரவு 11:05

டின் பீர்னா அப்படித்தான் ப்ரோ. இவ்வளவு கஷ்டப்படுறதுக்கு இந்திராநகர் நூறடி ரோட்டுக்கு ஆட்டோ புடிச்சா ஒரு தெருவுக்கு நாலு மைக்ரோ ப்ரூவரி இருக்கு. பெங்களூர்ல இருந்துக்கிட்டு வீட்ல பீர் காய்ச்சுறது, திருநெல்வேலியில இருந்துக்கிட்டு அல்வா கிண்டுற மாதிரி.


ஈஸ்ட்_டீச்சர் | 12 மே, காலை 6:50

வேலு, ருசியை ரொம்ப சரியா எழுதியிருக்கீங்க. பாதி வைத்தியம் அதுலயே முடிஞ்சுது. நான் காலேஜ்ல மைக்ரோபயாலஜி எடுக்கிறேன், நுண்ணுயிர் கதைன்னா தூக்கம் வராது. மூணு கேள்வி கேட்கிறேன், பதில் சொல்லுங்க.

ஏப்ரல்ல அந்த வாஷிங் மெஷின் மூலை எத்தனை டிகிரி? என்ன தண்ணி ஊத்தினீங்க? பக்கெட்டை எதால கழுவினீங்க?


வைட்ஃபீல்டு_வேலு | 12 மே, காலை 9:14

மேடம், அறை வெப்பம் அளக்கலை. போன்ல 34ன்னு காட்டிச்சு. அந்தப் பக்கம் மதியத்துக்கு மேல வெயில் நேரா அடிக்கும்.

தண்ணி அபார்ட்மென்ட் குழாய்த் தண்ணி. காவேரி, போர், டேங்கர் மூணும் சம்ப்புல ஒண்ணாத்தான் இருக்கும். எந்த நாள் எது எத்தனை பங்குன்னு வாட்ச்மேனுக்கே தெரியாது. வாரத்துக்கு ஒரு தடவை சம்ப்புல பிளீச்சிங் பவுடர் போடுவாங்க.

பக்கெட்டையும் பிளீச்சிங் பவுடர் கரைச்ச தண்ணியிலதான் கழுவினேன். சுத்தம் முக்கியம்னு எல்லாரும் சொன்னாங்களே.


ஈஸ்ட்_டீச்சர் | 12 மே, காலை 9:40

அந்த ஆஸ்பத்திரி வராண்டா எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. குளோரின், மால்ட்டுல இருக்கிற ஃபீனால்களோட சேர்ந்தா குளோரோஃபீனால் ஆகும். துளியூண்டு இருந்தாலே நாக்கு கண்டுபிடிச்சிரும். பேண்டேஜ், டெட்டால், புது பிளாஸ்டிக்னு ஆளாளுக்கு ஒரு பேர் சொல்வாங்க. சம்ப்பு பிளீச்சிங் ஒரு பக்கம், சரியா அலசாத பக்கெட் இன்னொரு பக்கம்.

வாழைப்பழம் ஐசோஅமைல் அசிடேட். ஈஸ்ட் சூட்டுல ஓட்டமா ஓடினா இது கூடும். பச்சை ஆப்பிள் அசிட்டால்டிஹைடு. சர்க்கரை ஆல்கஹாலா மாறுற வழியில கடைசிக்கு முந்தின ஸ்டேஷன் அது. ஈஸ்ட் வேலையை முடிக்கிறதுக்குள்ள நீங்க பாட்டில்ல அடைச்சுட்டீங்க. ஏர்லாக் அடங்கினா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம் இல்லை. சத்தம் போடாமத்தான் ஈஸ்ட் தன் குப்பையைத் தானே தின்னு சுத்தம் பண்ணும்.

தலை கனம் சூட்டுல உண்டாகிற ஃபியூசல் ஆல்கஹாலாலன்னு பொதுவாச் சொல்வாங்க. அதை அடிச்சுச் சொல்ல நான் தயாரில்லை. தொண்டையில காரமா எரிஞ்சுதுன்னா அது ஃபியூசல்தான்.

டின் பாவம். அதை விட்ருங்க.


கஸ்தூரிநகர்_கலா | 12 மே, காலை 10:22

பீர் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, இந்த இழையை எதுக்குத் திறந்தேன்னும் தெரியலை. ஆனா டீச்சர் சொல்றது எனக்குப் புரியுது. இந்த ஊர்ல டிசம்பர்ல மாவு அரைச்சு வச்சா மறுநாள் மதியம் வரைக்கும் அப்படியே கல்லு மாதிரி உக்காந்திருக்கும், ஓவன்ல லைட்டைப் போட்டு உள்ள வைப்பேன். அதே மாவு ஏப்ரல்ல ராத்திரி ரெண்டு மணிக்குப் பாத்திரத்தை விட்டு இறங்கி மேடையில நடக்கும். அப்படிப் பொங்கின மாவுல இட்லி ஊத்தினா புளிச்ச வாடைதான் வரும். அதே அரிசி, அதே உளுந்து.


கெட்டில்_சாமி | 12 மே, பிற்பகல் 3:30

கலாக்கா ஒரே பத்தியில சொல்லிட்டாங்க, இதுக்கு மேல நான் நீளமா எழுதுறது வெட்டிதான். இருந்தாலும் எழுதுறேன். எட்டு வருஷமா மைக்ரோ ப்ரூவரியில கெட்டில் கழுவுறேன். ப்ரூவர் வேலையில முக்கால்வாசி கழுவுற வேலைதான், மிச்சம் கால்வாசி தெர்மாமீட்டரைப் பார்க்கிறது.

வேலு சார், கிட் பீர் மட்டம்னு பேர் எடுத்ததுக்கு டின் காரணம் இல்லை, டின் மேல ஒட்டியிருக்கிற காகிதம்தான் காரணம். அவசரக்காரனுக்காக எழுதின காகிதம் அது. டின்னுக்குள்ள இருக்கிறது ஆலையில ஒழுங்கா மாஷ் பண்ணி (மால்ட்டைச் சுடுதண்ணியில ஊறவச்சுச் சர்க்கரையை இறக்கி), ஹாப்ஸ் போட்டு, தண்ணியை வத்த வச்ச வோர்ட், அதாவது ஈஸ்ட் போடுறதுக்கு முந்தின இனிப்புச் சாறு. நாங்க காலையில ஆறு மணிக்கு ஆரம்பிச்சு மதியம் வரைக்கும் செய்யிற வேலையை அவங்க செஞ்சு டின்ல அடைச்சுக் குடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் நடக்கிற ஈஸ்ட் வேலை மட்டும்தான் உங்களுது. பீரோட ருசியும் அங்கதான் இருக்கு.

சூட்டுக் கணக்கைப் பாருங்க. ஈஸ்ட் வேலை செய்யும்போது தானே சூடு கிளப்பும். 23 லிட்டர் பக்கெட் ஒண்ணு உச்சத்துல இருக்கிறப்போ உள்ள அறையைவிட மூணு நாலு டிகிரி கூட இருக்கும். போன்ல 34, உங்க மூலை 32ன்னே வச்சாலும் ஈஸ்ட் 35, 36ல கொதிச்சிருக்கும். சாதாரண ஏல் வகை பீர் ஈஸ்ட் கேட்கிறது 18ல இருந்து 20. வெயில்ல நிக்கவச்சு வேலை வாங்கியிருக்கீங்க.

முதல் மூணு நாள்தான் உயிர். ஈஸ்ட் பெருகுற அந்த நேரத்துலதான் வாழைப்பழமும் எரிச்சலும் உண்டாகுது. எழுபத்திரண்டு மணி நேரம் 19ல பிடிச்சு வச்சுட்டீங்கன்னா அப்புறம் 22, 23 போனாக்கூடக் கவலை இல்லை, அதுவே நல்லது.

இதுக்கு வழி ரெண்டு. காசு இருந்தா எஸ்பி ரோட்டுல எஸ்டிசி 1000ன்னு கேளுங்க, சின்ன டெம்பரேச்சர் கன்ட்ரோலர். பழைய ஃபிரிட்ஜ் ஒண்ணு வாங்கி அதுல மாட்டி, சென்சாரைப் பக்கெட் மேல டேப் போட்டு ஒட்டி, அதுக்கு மேல துணி சுத்திருங்க. சென்சார் காத்துல தொங்கினா காத்தோட சூட்டைத்தான் காட்டும், பீரோட சூட்டை இல்லை. காசு வேணாம்னா துணி துவைக்கிற பெரிய டப்புல தண்ணி ஊத்தி, பக்கெட்டை உள்ள இறக்கி, ரெண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல தண்ணியை உறைய வச்சு காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு மாத்திப் போடுங்க. பக்கெட் மேல ஈர டவல் போட்டு, டவலோட நுனி டப்புத் தண்ணியில ஊறணும். எதிர்ல டேபிள் ஃபேன். மார்ச் ஏப்ரல்ல காத்து வறண்டு இருக்கிறதால டவல் நல்லாவே குளிர்த்தும். ஜூலையில காத்து ஈரம், டவலால பெருசாப் பிரயோஜனம் இருக்காது. ஆனா ஜூலையில பெங்களூரே பாதி ஃபிரிட்ஜ்தானே.

நான் உங்க இடத்துல இருந்தா ஏப்ரல்ல டின்னையே திறக்கமாட்டேன். ஜூன் மழை வரட்டும்.

ஈஸ்ட் பாக்கெட் விஷயம் வேற. அந்த 7 கிராம் பெர்த்துல இருந்து பெட்டியில வந்துச்சு, அதுக்கு முன்னாடி எந்தக் கிடங்குல எத்தனை மாசம் கிடந்துச்சோ. தூக்கிப்போட்டுட்டு 11.5 கிராம் யூஎஸ் 05ங்கிற ஈஸ்ட் பாக்கெட் ஒண்ணு தனியா வாங்குங்க. இருக்கிற செலவுலயே இதுதான் பலன் அதிகம்.


நெல்லைக்காரன்_பிடிஎம் | 12 மே, மாலை 6:12

பிளீச்சிங் வேண்டாம்னா வேற எதைப் போடுறது? எங்க தாத்தா பனை ஏறினவர். கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவினா பதநீ, தடவலைன்னா கள்ளு. சுண்ணாம்பு கொஞ்சம் குறைஞ்சாப் பதினோரு மணிக்கே பொங்க ஆரம்பிச்சிரும். அப்போ சுண்ணாம்புதானே கிருமியைக் கொல்லுது? பக்கெட்லயும் தடவலாம்லா?


ஈஸ்ட்_டீச்சர் | 12 மே, இரவு 8:01

நெல்லைத் தம்பி, தடவிராதீங்க! சுண்ணாம்பு காரத்தன்மையை ஏத்திவிடுது. அதுல ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் வேலை செய்ய முடியாமத் திணறுது, அதனாலதான் பதநீ பதநீயாவே நிக்குது. இங்க நமக்கு ஈஸ்ட் வேலை செய்யணும். கலயத்துல எதைத் தடுக்கிறீங்களோ அதைப் பக்கெட்ல கூப்பிடுறோம்.

கழுவுறது வேற, கிருமி நீக்கம் வேற. முதல்ல அழுக்கு போகக் கழுவணும். கீறல் விழுந்த பக்கெட்டை எத்தனை தடவை கழுவினாலும் கீறலுக்குள்ள பாக்டீரியா குடியிருக்கும். கம்பி நார் கூடவே கூடாது. அப்புறம் ஃபாஸ்ஃபாரிக் அமிலம் சேர்ந்த, அலசத் தேவையில்லாத சானிடைசர், இல்லைன்னா பால் பண்ணையில பயன்படுத்துற ஐயடோஃபார். பாட்டில்ல போட்ட அளவுக்கு மேல ஒரு சொட்டுகூட ஊத்தாதீங்க. நம்ம ஆட்களுக்கு 'இன்னும் கொஞ்சம்' போட்டாத்தான் மனசு ஆறும்.

குழாய்த் தண்ணி குளோரினுக்கு பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட், ஸ்குவாஷ் போடுறவங்க கேஎம்எஸ்னு வாங்குறது. 23 லிட்டருக்குக் கால் கிராம், விரல் நுனியில எடுக்கிற அளவு. ஆஸ்துமா இருந்தா அந்தப் புகையை முகர வேண்டாம்.


மால்ட்டு_மாமா | 13 மே, காலை 7:35

தண்ணிக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதுக்கு? 20 லிட்டர் ஆர்ஓ கேன் வாங்கி ஊத்துங்க. மால்ட் பாகுல உப்பு, கால்சியம் எல்லாம் ஆலைத் தண்ணியிலயே வந்துருச்சு. வத்த வச்சப்போ தண்ணிதான் போச்சு, உப்பு போகலை. அதனால வெறும் ஆர்ஓ தண்ணி கிட்டுக்கு நல்லாவே பொருந்தும். கேனை முந்தின நாளே ஃபிரிட்ஜ்ல வச்சா குளிர்ச்சியும் கிடைக்கும், சூடான பாகு மேல ஊத்தினா நேரா 20க்கு இறங்கிரும்.

ஆனா எல்லாரும் பெரிய தப்பை விட்டுட்டீங்க. ஒரு கிலோ சர்க்கரை! ஆப்பிள் வாசனை அந்தச் சர்க்கரையிலதான் வருது. சர்க்கரைக்குப் பதிலா உலர் மால்ட் (அதே மால்ட் பாகு, பொடியா) ஒரு கிலோ போடுங்க. இல்லைன்னா சர்க்கரையே போடாம பாதித் தண்ணி மட்டும் ஊத்துங்க.


கெட்டில்_சாமி | 13 மே, மதியம் 12:48

மேற்கோள்: "ஆப்பிள் வாசனை அந்தச் சர்க்கரையிலதான் வருது."

மாமா, இதுல நமக்குள்ள ஒத்துவராது. சர்க்கரை போட்டா பீர் ஒல்லியாகும், வாயில நிக்காது, நுரை குறையும். அதுவரைக்கும் சரி. ஆப்பிளுக்கு அது பொறுப்பில்லை. பெல்ஜியத்துல சர்க்கரை போட்டே அருமையான பீர் எடுக்கிறாங்க. உயிர் போன ஈஸ்ட், சூடு, அவசரம், பழைய டின்: இந்த நாலும் சேர்ந்து பண்ணின தப்பைச் சர்க்கரை தலையில கட்டுறோம்.

பாதித் தண்ணி யோசனையில ஒரு குழி இருக்கு. டின்ல உள்ள கசப்பு 23 லிட்டருக்குக் கணக்குப் போட்டது. 12 லிட்டர்ல நிறுத்தினா கசப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. வேப்பம்பூ ரசம் பிடிக்கும்னா செய்யுங்க.


மால்ட்டு_மாமா | 13 மே, மதியம் 1:20

கசப்பு விஷயத்தை ஒத்துக்கிறேன். சர்க்கரை விஷயத்தை ஒத்துக்கமாட்டேன். உலர் மால்ட் போட்டு ஒரு தடவை குடிச்சுப் பாருங்க, அப்புறம் பேசுவோம்.


கெட்டில்_சாமி | 13 மே, மதியம் 1:26

உலர் மால்ட் போடணும்னுதான் நானும் சொல்றேன் மாமா. காரணம்தான் வேற.


ஹலசூர்_தாத்தா | 13 மே, மாலை 4:55

பிள்ளைகளே, படிக்கப் படிக்க மூக்கில் பழைய வாசனை வருகிறது. இப்போது யூபி சிட்டி நிற்கிற இடத்தில் முன்பு பீர் ஆலை இருந்தது. விட்டல் மல்லையா ரோட்டுக்கு அப்போது கிராண்ட் ரோடு என்று பெயர். சைக்கிளில் அந்தப் பக்கம் போனால் காற்று முழுக்க வேகவைத்த தானிய வாசனை, ஹார்லிக்ஸ் கொதிக்கிற மாதிரி. எனக்குப் பீர் பழக்கம் கிடையாது. ஆனால் அந்த வாசனைக்காகவே சுற்றுவழியில் வீட்டுக்குப் போவேன். அந்த டின்னைத் திறந்தால் அதே வாசனை வருமா?


வைட்ஃபீல்டு_வேலு | 13 மே, மாலை 5:30

வரும் தாத்தா. அச்சு அசல் ஹார்லிக்ஸ். என் பையன் விரல் விட்டு நக்கிட்டு உடனே துப்பினான், உள்ள ஹாப்ஸ் கசப்பு இருக்கே.


அம்மாபுள்ள_ஆனந்த் | 13 மே, இரவு 9:10

ஒரு பயம். வீட்ல காய்ச்சினா மெத்தனால் வராதா? கள்ளக்குறிச்சியில 2024ல அத்தனை பேர் செத்தது அதனாலதானே?


ஈஸ்ட்_டீச்சர் | 13 மே, இரவு 9:33

நியாயமான பயம். அங்க நடந்தது மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடிச்சதால. தானா நொதிச்சு வந்த மெத்தனால் இல்லை அது. நொதிக்கும்போது மெத்தனால் வர்றது முக்கியமா பழத்துல உள்ள பெக்டின்ல இருந்து. பார்லி மால்ட்டுல அது இல்லைங்கிற அளவுக்குத்தான். பீரை யாரும் சாராயம் மாதிரி காய்ச்சி வடிக்கிறதும் இல்லை. நொதிச்சதைக் காய்ச்சி வடிக்கலாமான்னு யாராவது கேட்டா என் பதில் ஒண்ணே ஒண்ணு: கூடாது.


வக்கீல்_வாசு | 14 மே, காலை 8:15

எல்லோரும் ருசியைப் பேசுகிறீர்கள். கசப்பான விஷயத்தை நான் சொல்கிறேன். மது மாநிலப் பட்டியலில் வருகிறது. கர்நாடகக் கலால் சட்டம், 1965 உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதைத் தடை செய்கிறது. 'நான் விற்கவில்லையே, எனக்குத்தானே' என்பது நாம் நமக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம். பிரிட்டனில் 1963 முதல் வீட்டில் காய்ச்ச உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978இல் கூட்டரசுச் சட்டம் வழிவிட்டது. மச்சான் பெர்த்தில் கடையில் டின் வாங்கினார் என்பதால் வைட்ஃபீல்டிலும் அதே சட்டம் என்று நினைக்க வேண்டாம். பாட்டிலை நண்பருக்கு விலைக்குக் கொடுப்பது, அலுவலக வாட்ஸாப் குழுவில் படம் போடுவது இரண்டும் வேண்டவே வேண்டாம்.


மட்டுறுத்துநர் | 14 மே, காலை 8:40

வாசு சாருக்கு நன்றி. இந்த இழையில் விற்பனை, விலை, தொடர்பு எண் எதுவும் கூடாது. இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். சட்டம் பற்றிக் கேட்க வேண்டியவர்கள் தங்கள் வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள்.


வைட்ஃபீல்டு_வேலு | 14 மே, காலை 10:02

படிச்சேன் சார். வாட்ஸாப்ல போட்ட படத்தை இப்பவே அழிச்சுட்டேன். மத்தது என் பாடு.


பரண்மேல்_பாஸ்கர் | 14 மே, இரவு 10:48

பாட்டில் பத்தி யாரும் பேசலை. நான் பேசுறேன், எனக்கு அந்தத் தகுதி இருக்கு.

நாலு வருஷத்துக்கு முன்னாடி, டிசம்பர். குளிர்ல ஈஸ்ட் தூங்கிருச்சு. ஏர்லாக்ல சத்தம் இல்லைன்னதும் முடிஞ்சுதுன்னு நானே தீர்ப்புச் சொல்லிட்டேன். சர்க்கரை எவ்வளவு மிச்சம்னு அடர்த்தியை வச்சுக் காட்டுற ஹைட்ரோமீட்டர் கிடையாது. கேஸ் ஏற பாட்டிலுக்கு ஒரு டீஸ்பூன் சர்க்கரைன்னு கண்ணளவுல போட்டு மூடியை அழுத்தி, முப்பது பாட்டிலையும் பரண்ல ஏத்தினேன். மார்ச்ல வெயில் வந்ததும் தூங்கின ஈஸ்ட் முழிச்சுக்கிச்சு. ராத்திரி ஒண்ணரை மணிக்கு முதல் பாட்டில். அது உடைஞ்ச அதிர்ச்சியில பக்கத்துல இருந்தது. அப்புறம் தீபாவளிதான். கீழ்வீட்டுக்காரர் சிலிண்டர் வெடிச்சுதுன்னு நினைச்சு மெயினை அணைச்சுட்டு, குழந்தைகளைத் தூக்கிக்கிட்டுத் தெருவுல நின்னார். நான் கட்டிலுக்கு அடியில இருந்து வெளிய வர முக்கால் மணி நேரமாச்சு. காலையில பார்த்தா பரண் மரக்கதவுல கண்ணாடித் துண்டு ஒண்ணு ஆணி மாதிரி குத்தி நிக்குது. அதை இன்னும் எடுத்து வச்சிருக்கேன்.

ஹைட்ரோமீட்டர் வாங்குங்க. மூணு நாள் இடைவெளியில ரெண்டு தடவை அளந்து, ரெண்டும் ஒரே எண் காட்டினாத்தான் பாட்டில். சர்க்கரை லிட்டருக்கு 6 கிராம், தராசுல. மொத்தத்தையும் கொதிக்கவச்ச தண்ணியில கரைச்சு பீர்ல கலந்துட்டு அடைங்க, பாட்டில் பாட்டிலா ஸ்பூன் போடாதீங்க. 650 மில்லி பழுப்பு பீர் பாட்டில் போதும். பச்சை, வெள்ளை வேண்டாம், வெளிச்சம் பட்டா ஹாப்ஸ் நாத்தம் எடுக்கும். ஒரே ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டில்லயும் கூடவே அடைச்சு வைங்க. அதை அமுக்கிப் பார்த்தா உள்ள எவ்வளவு கேஸ் ஏறியிருக்குன்னு தெரியும். அட்டைப் பெட்டியில வைங்க, தரையில வைங்க. பரண்ல வேண்டாம்.


கஸ்தூரிநகர்_கலா | 15 மே, காலை 6:30

கீழ்வீட்டுக்காரர் இன்னும் உங்ககூடப் பேசுறாரா?


பரண்மேல்_பாஸ்கர் | 15 மே, காலை 9:05

வீடு மாத்திட்டோம்.


வைட்ஃபீல்டு_வேலு | 8 ஜூன், இரவு 11:50

ஒரு அவசரக் கேள்வி. நேத்து மழை பிடிச்சுது, இன்னைக்கு ரெண்டாவது டின்னைத் திறந்துட்டேன். சாமி அண்ணன், மாமா ரெண்டு பேர் சொன்னதையும் கேட்டேன். சர்க்கரை இல்லை, உலர் மால்ட் ஒரு கிலோ. மொத்தம் 20 லிட்டர். கூடவே கிரிஸ்டல் மால்ட்ங்கிற வறுத்த மால்ட் கால் கிலோவை உடைச்சு, துணியில கட்டி, 68 டிகிரித் தண்ணியில அரை மணி நேரம் ஊறவச்சு, அந்தத் தண்ணியை மட்டும் கொதிக்கவச்சுச் சேர்த்தேன். தண்ணி ஆர்ஓ. பக்கெட்டில் இப்போ 19.

அளக்கிறதுலதான் சிக்கல். அவென்யூ ரோட்டுல ஒரு லேப் சாமான் கடையில கேட்டு வாங்கினேன். உள்ள விட்டா கருவி முங்கவே மாட்டேங்குது. 40க்கு மேல எண்ணே இல்லை, அந்த 40 கோடும் தண்ணிக்கு மேல நிக்குது. நான் பாகை ஜாஸ்தியாப் போட்டுட்டேனா?


கெட்டில்_சாமி | 9 ஜூன், காலை 7:02

சார், அந்தக் கருவியில ஏதாவது எழுதியிருக்கா?


வைட்ஃபீல்டு_வேலு | 9 ஜூன், காலை 7:20

சின்னதா 'மில்க்'னு எழுதியிருக்கு.


கெட்டில்_சாமி | 9 ஜூன், காலை 7:24

லாக்டோமீட்டர் சார் அது. பால்ல தண்ணி கலந்திருக்கான்னு பார்க்கிறது. அதுல 40ன்னா அடர்த்தி 1.040, வெறும் தண்ணி 1.000. உங்க கணக்குக்கு வோர்ட் 1.046 கிட்ட வரணும், அதான் கோடு மேல நிக்குது. பயப்படாதீங்க, சரியாத்தான் வந்திருக்கு. அதே கடையில 1.000ல இருந்து 1.100 வரைக்கும் காட்டுற ஹைட்ரோமீட்டர் கேளுங்க. 20 டிகிரியில அளக்கணும். 30 டிகிரியில அளந்தா ரெண்டரைப் புள்ளி குறைச்சுக் காட்டும், அதைக் கூட்டிக்கணும்.


ஈஸ்ட்_டீச்சர் | 9 ஜூன், காலை 8:15

ரெண்டு நாளைக்கு மூடியைத் திறந்து எட்டிப் பார்க்காதீங்க வேலு. புள்ளைத்தாச்சி வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி நிக்க வேண்டாம்.


வைட்ஃபீல்டு_வேலு | 11 ஜூன், இரவு 9:36

மூணு நாள் முடிஞ்சுது. டப்பு, ஐஸ் பாட்டில், டவல். காலையில ஆறுக்கு ரெண்டு, ராத்திரி பத்துக்கு ரெண்டு. 18க்குக் கீழயும் போகலை, 20க்கு மேலயும் போகலை. முதல் தடவை மாதிரி குக்கர் சத்தம் இல்லை, சுவர்க்கடிகாரம் மாதிரி நிதானமா ஒரு குமிழி, ஒரு குமிழி. ஃப்ரீஸர்ல பட்டாணி வைக்க இடமில்லைன்னு வீட்ல சண்டை. இன்னையோட ஐஸை நிறுத்தினேன்.


தாம்பரம்_போறேன் | 12 ஜூன், காலை 11:11

அடுத்த மாசம் ஆபீஸ் மாத்தல்ல சென்னை போறேன். அங்க 19 எல்லாம் கனவுலதான். என்னை மாதிரி ஆளுக்கு வழி இருக்கா?


கெட்டில்_சாமி | 12 ஜூன், மதியம் 2:40

நார்வே பண்ணை வீட்டு ஈஸ்ட் ஒண்ணு இருக்கு, க்வைக்னு பேர். அதுல வாஸ் வகைக்கு 35ல இருந்து 40 டிகிரிதான் சொர்க்கம். லேசா ஆரஞ்சு வாசனை வரும். குளிர் நாட்டுக்காரன் வச்சிருந்த ஈஸ்ட் நம்ம மே மாசத்துக்குப் பொருந்துது பாருங்க. ஆனா தமிழ்நாட்டுச் சட்டத்தை வாசு சார்கிட்ட கேட்டுட்டு.


வைட்ஃபீல்டு_வேலு | 14 ஜூலை, இரவு 10:15

நேத்து திறந்தோம். முதல்ல எண்களைச் சொல்லிடுறேன், சாமி அண்ணன் கேட்பார். ஆரம்பம் 1.046. பதினோராம் நாள் 1.012, பதினாலாம் நாளும் 1.012. வித்தியாசத்தை 131 சொச்சத்தால பெருக்கினா ஆல்கஹால் நாலரை சதவீதம் வருது. பத்தாம் நாள் வாசனைக்காக கேஸ்கேட்ங்கிற ஹாப்ஸ் 25 கிராம் துணிப்பையில கட்டிப் போட்டேன். அடியில வண்டலை விட்டுட்டு எடுத்தது பதினெட்டரை லிட்டர், 110 கிராம் சர்க்கரை, 28 பாட்டில். மூணு வாரம் அட்டைப் பெட்டியில, கட்டிலுக்கு அடியில. பாஸ்கர் சார் கதையைப் படிச்சதுல இருந்து அந்தக் கட்டில்ல யாரும் படுக்கலை.

மூடியைத் திறந்தப்போ சத்தம் 'புஸ்'ஸுன்னு சின்னதா. ஊத்தினா ரெண்டு விரல் நுரை, குடிச்சு முடிக்கிற வரைக்கும் கிளாஸ் ஓரத்துல கோலம் மாதிரி படிஞ்சு நின்னுச்சு. வாழைப்பழம் இல்லை. ஆப்பிள் இல்லை. ஆஸ்பத்திரி இல்லை. சாத்துக்குடித் தோல் கிள்ளின மாதிரி ஒரு வாசனை, அப்புறம் பிஸ்கட், கடைசியா ஒரு கசப்பு. குறையும் இருக்கு: நுரை அடங்கினதும் கொஞ்சம் இனிப்பு தூக்கலாத் தெரியுது. கிரிஸ்டல் மால்ட்டை அடுத்த தடவை 150 கிராமாக் குறைக்கலாமான்னு யோசிக்கிறேன்.

மச்சானுக்கு வீடியோ கால்ல காட்டினேன். "அதே டின்னா? சத்தியமா?"ன்னு கேட்டார்.


மால்ட்டு_மாமா | 14 ஜூலை, இரவு 10:31

பார்த்தீங்களா, சர்க்கரை போடலை.


கெட்டில்_சாமி | 14 ஜூலை, இரவு 10:33

பார்த்தீங்களா, 19ல வச்சார்.


ஈஸ்ட்_டீச்சர் | 15 ஜூலை, காலை 6:45

150 சரியா இருக்கும். இல்லைன்னா 250ஐயே வச்சுக்கிட்டு இன்னும் மூணு வாரம் விடுங்க, இனிப்பு கொஞ்சம் அடங்கலாம். ரெண்டு பாட்டிலை மட்டும் ஒளிச்சு வச்சு செப்டம்பர்ல திறந்து பாருங்க.


கஸ்தூரிநகர்_கலா | 15 ஜூலை, காலை 7:10

வேலு தம்பி, அந்த லாக்டோமீட்டர் சும்மாத்தானே கிடக்கு? எங்க பால்காரர் மேல எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம்.